எட்டுச் செம்மறிகளைப் பிரிக்கும் வழிகள்

எத்தனை ஆடோ அத்தனை வழி என்றுதான் முதலில் நம்பினேன். இரண்டு ஆட்டைச் சேர்த்தும் விடலாம், பிரித்தும் விடலாம்: இரண்டு வழி. மூன்றென்றால் மூன்றும் ஓரிடத்தில், இரண்டும் ஒன்றுமாக, அல்லது தனித்தனியாக: மூன்று வழி. அப்படியானால் எட்டுக்கு எட்டு. கோவில்பட்டி காலேஜில் கணக்குப் படிக்கிறவன் இதற்குமேல் எதற்கு யோசிக்க வேண்டும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த வருஷம் அது. கால் உள்ளே போகிற அளவுக்குக் கரிசல் வெடித்துக் கிடந்தது. அந்த மாதிரி காலத்தில் ஆடுகளைப் பிரித்துச் சொந்தக்காரர்களின் ஊர்களில் விட்டுவைப்பார்கள். மழை விழுந்ததும் ஓட்டி வருவார்கள். இடையில் பிறக்கும் குட்டிகளில் பாதி வளர்த்தவருக்கு. அய்யாவிடம் எட்டுச் செம்மறிகள் மிஞ்சியிருந்தன. எங்கள் பிழைப்பே அந்த எட்டுதான்.

ஆட்டுப் புழுக்கைகளை எட்டாக எண்ணி வைத்து, கூறு போட்டுப் பார்த்தேன். ஐந்தும் மூன்றும். நாலு, இரண்டு, இரண்டு. முடிவில் இருபத்திரண்டு வழி வந்தது. வேர்த்துவிட்டது. அதில் இருபத்தொன்று தப்பு, ஒன்றுதான் சரி, அதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு நானே பீதியைக் கிளப்பிக்கொண்டேன்.

"ஏலே, மருந்துக்கடை வைக்கப் போறியா?" என்றார் அய்யா.

"எட்டைப் பிரிக்க இருபத்திரண்டு வழி இருக்குய்யா."

"ஒத்தயா நிக்கதையெல்லாம் கழிலே. ஒத்தச் செம்மறி திங்காது. உங்க சித்தப்பன் மாதிரி, பக்கத்துல ஒருத்தன் தின்னாத்தான் அதுக்கும் பசிக்கும்."

கழித்தேன். ஏழு வழிதான் மிஞ்சியது. எனக்கு உயிர் வந்தது.

அய்யா சொந்தக்காரர்களைப் பார்க்கப் பஸ் ஏறினார். போன ஊரிலெல்லாம் அதே வெடிப்பு, அதே பதில்: "மழை விழட்டும், பாப்போம்." அவர் திரும்பும்போதெல்லாம் பட்டியில் ஆடு குறைந்திருந்தது. நான் விடாமல் புதுக் கணக்குப் போட்டேன். ஆறுக்கு நாலு வழி, ஐந்துக்கு இரண்டே. ஆடு சாகச் சாகக் கணக்கு எளிதானது. அதில் எனக்கு ஒரு திருப்தி வேறு, வெட்கங்கெட்டவன்.

மூன்று மிஞ்சியபோது எட்டயபுரம் பக்கத்திலிருந்து அத்தை வீட்டு மாமா வந்தார்.

"ரெண்டுன்னா ஓட்டிட்டுப் போறேன் மச்சான். மூணாவதுக்குத் தண்ணிக்கு எங்கன போவேன்?"

அய்யா என் பக்கம் திரும்பினார். "என்னலே, உன் கணக்கு என்ன சொல்லுது?"

மூன்று புழுக்கைகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒத்தயில்லாமல் மூன்றைப் பிரிக்க வழி கிடையாது.

மாமா இரண்டை ஓட்டிப் போனார். மூன்றாவது, நான் நீட்டிய வேலந்தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே செத்துப்போனது.