உப்புப் பார்க்கும் சுண்டுவிரல்

கொத்துக்கறியைப் பிசைந்து முடித்ததும் அண்ணி சுண்டுவிரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடுவாள். "இன்னும் ஒரு பிடி உப்பு போடு" என்பாள். பதினோரு வருஷமாக நான் பார்த்தது இது. கடைகளுக்குக் கறி உருண்டை செய்து கொடுப்பதுதான் எங்கள் வீட்டுத் தொழில். "என் பொண்டாட்டி நாக்கு தராசு முள்ளு" என்று அண்ணன் பீற்றிக்கொள்வான்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அண்ணி உண்டானாள். முதல் ரத்தச் சோதனையில் எல்லாம் சரி. ஐந்தாம் மாதச் சோதனைக்குப் பிறகு மருத்துவர் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நான் போனேன்.

"ஒரு ஒட்டுண்ணிக் கிருமி தொத்தியிருக்கும்மா. முன்னாடி இல்ல, இப்பதான் வந்திருக்கு. வீட்டுல பூனை இருக்கா?"

"எலிதான் இருக்கு டாக்டர்."

"மண்ணுல வேலை செய்வீங்களா?"

"மூணாவது மாடியில மண்ணுக்கு எங்க போறது?"

"பச்சைக் கறி சாப்பிடுவீங்களா?"

"சீ! நாங்க என்ன புலியா?"

அண்ணி பொய் சொல்லவில்லை. உப்புப் பார்ப்பது அவளுக்குச் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. வெளியாள் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன்.

"உப்புப் பாப்பாங்க... பச்சையா. தினமும்."

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்டி உன்னை" என்று அண்ணி முறைத்தாள்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வேகாத கறியில் அந்தக் கிருமி இருக்கலாம் என்றார். கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்றினால் பிள்ளையின் மூளையையோ கண்ணையோ தாக்கக்கூடும். தாக்கியே தீரும் என்றில்லை. கறி நன்றாக வெந்த பிறகே வாயில் வைக்க வேண்டும். தொட்ட கையையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு மாத்திரை எழுதினார்.

படியிறங்கும்போது அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு துளிதானேடி?" என்றாள்.

பச்சைக் கறி கூடாது என்ற அட்டை மருத்துவர் அறைக்கு வெளியே சுவரில் முதல் மாதமே தொங்கியது. எழுத்துக் கூட்டி நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்து கறி பிசைந்தோம்.

பெண் குழந்தை. இப்போது எட்டு மாதம், தவழ்கிறாள். வலது கண்ணுக்குள் ஒரு தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை என்று இன்னும் சொல்ல முடியாதாம். ஒரு வயது வரை மருந்து கொடுக்க வேண்டும். அடுத்த கண் பரிசோதனை வருகிற வியாழக்கிழமை.