தறி நின்னா கூலி நிக்கும்

மகளுக்கு நீட் கைடு வாங்க சேலத்தில் பழைய புத்தகக் கடைக்குப் போனவன், கைடை மறந்துவிட்டு ஓர் இங்கிலீஷ் புத்தகத்தோடு திரும்பினேன். அட்டையில் சேறு அப்பிய சில தடியர்கள், பின்னால் மில் புகைபோக்கிகள். ரக்பி லீக் என்றொரு ஆட்டமாம். பார்க்க அடிதடி வழக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கதையைக் கேளுங்கள். வட இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களுக்கு, ஆட்டத்துக்குப் போனால் கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் கேட்டதற்குக் கனவான்கள் முகம் சுளிக்க, தனியாகப் பிரிந்து போய்விட்டார்கள். அதைப் பற்றி நாவல், நாடகம், கவிதை. அந்தக் கவிதைக்குள் ஊர்ச் சரித்திரம் தேடும் பேராசிரியர்கள் வேறு. நம்ம ஊர் ஆட்டத்துக்கு இப்படி ஒன்று இல்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. சோடா குடித்தும் அடங்கவில்லை.

யாருடைய பட்டறையில் கிடந்ததோ, புத்தகத்தில் மெஷின் எண்ணெய் வாசனை. அது நேராக என்னை ராசிபுரம் தறிப்பட்டறையில் கொண்டுபோய் விட்டது. அங்கே நானும் சேலத்து பஷீரும் கணக்கெழுதினோம். பட்டறைக்கு ஒரு சடுகுடு அணி உண்டு. நான் ஒரே ஒருமுறை ஆடியிருக்கிறேன். கோட்டைத் தாண்டியதும் எதிரே ஏழு பேரைப் பார்த்தேன், பாட்டு மறந்து, மூச்சு போய், யாரும் தொடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் எதிரணிக்குள் பாடிப்போகிறவன் மூச்சு விடாமல் நிஜமாகவே ஒரு பாட்டுப் பாடுவான். உட்கார்ந்தவனுக்கு அந்தப் பாட்டு எழுதும் வேலை கிடைத்தது. கூடவே பஷீரும் எழுதினான். அங்கே ஆரம்பித்தது எரிச்சல்.

எருமப்பட்டியில் இறுதி ஆட்டம். தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதால், இதில் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் அணியில் பாடிப்போகும் பழனிச்சாமிக்கு எதுகை மோனையோடு எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் வரியில் மூச்சு விட்டு அவுட்டாகி வந்தார்.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. மூச்சுத்தான் பத்தலீங்க."

கடைசியாகப் பாடிப்போனபோது அவர் எடுத்துப்போனது பஷீரின் ஒற்றை வரி. தறி நின்னா கூலி நிக்கும், நான் நின்னா ஆட்டம் நிக்கும். தறி ஓடுகிற தாளத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார். கூட்டம் முழுக்க அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசை நாற்காலியில் இருந்த எங்கள் முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் ஜெயித்தோம். நான் கைதட்டினேன், உள்ளங்கை வலிக்காத அளவுக்கு. திங்கட்கிழமை முதலாளி பட்டறைக்கு வந்து, ஆட்டத்துக்குப் போகிற நாளுக்கும் கூலி உண்டு என்றார். ஒரு வரிக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இங்கிலீஷ் புத்தகத்தை மூடிவிட்டு பஷீருக்குப் போன் போட்டேன். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் பேரன்களோடு இருக்கிறான். அந்த வரியைச் சொன்னேன்.

"ஜோரா இருக்கே மாப்ளே. நீ எழுதுனதா?"

முப்பது வருஷம் காத்திருந்த வாய்ப்பு. அன்று கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்த மாதிரி இப்போதும் உட்கார்ந்துவிட்டேன்.

"உன்னுதுடா."

"அடப் போ, நானா? நீதானப்பா எங்களுக்குக் கவிஞன். உன் எட்டு வரியில பாதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு."

சொல்லிக் காட்டினான். சகிக்கவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன. பழனிச்சாமி இல்லை. இன்றைய பையன்கள் மெத்தை விரிப்பில் ஆடுகிறார்கள். கபடி, கபடி என்ற ஒரே சொல்தான், பாட்டு கிடையாது. பாடியவர் போய், எழுதியவனும் மறந்து, அந்த வரி மிச்சமிருப்பது என் வயிற்றெரிச்சலில் மட்டும்தான். அதனால் சோடா குடிப்பதை நிறுத்திவிட்டேன்.