சாமிக்கென்று ஆய்ந்த லெஹுவா

சாமிக்குப் பூ ஆய்ந்தால் களவில்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். விடியற்காலையில் அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால் கை நீட்டுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது. நானும் அந்தச் சட்டத்தை நம்புகிறவள்தான். ஆனாலும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தாவரப் பூங்காவின் கண்ணாடி வீட்டில் தரை கழுவிய ஒன்பது வருடத்தில் ஒரு பூவைத் தொட்டதில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரை.

லைப்சிக்கில் வேலை செய்யும் என் மகளுக்கு மார்பில் ஒரு கட்டி. அதை வெட்டி எடுக்க ஆஸ்பத்திரியில் அடுத்த கிழமைக்கு டெர்மின், நாள் குறித்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை அவளுக்குப் போன் எடுப்பேன். அவள் பேசினால் "ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்பேன். பேசாவிட்டால் இன்னும் மோசம். கழுவிய தரையையே திரும்பக் கழுவிக்கொண்டு திரிந்தேன்.

ஹவாய்த் தீவுகளின் மலைச் செடிகளுக்கென்று கண்ணாடி வீட்டில் ஒரு மூலை உண்டு. அதில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஓஹியா மரம். அந்த வெள்ளிக்கிழமை காலை அதில் ஒரேயொரு பூ விரிந்திருந்தது, பவுடர் பூசும் பஞ்சைக் குங்குமத்தில் தோய்த்தது போல. அம்மனுக்கு இதைவிட நல்ல பூ கிடைக்காது என்று மனம் சொல்லி முடிக்கவில்லை, கை ஆய்ந்துவிட்டது. சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோய் வீட்டில் அம்மன் படத்துக்கு வைத்தேன்.

தலைமைத் தோட்டக்காரர் மொட்டைப் பார்த்துவிட்டு லீவில் போயிருந்தார். திங்கட்கிழமை வந்து வெறும் காம்பின் முன்னால் நின்றார். சத்தம் போடும் மனிதரில்லை. விதை போட்டு வளர்த்த மரம், பத்து வருடம் காத்திருந்த முதல் பூ என்றார். வெள்ளிக்கிழமை வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலையாகத்தான் இருக்கும், இனி அவர்களை இந்தப் பக்கம் விடுவதில்லை என்றார்.

பிறகு அந்தப் பூவின் கதையைச் சொன்னார். எரிமலைத் தெய்வம் பெலே, ஓஹியா என்ற இளைஞனை விரும்பினாளாம். அவன் லெஹுவா என்ற பெண்ணின் மேல் உயிரையே வைத்திருந்தவன், மாட்டேன் என்றான். பெலே கோபத்தில் அவனைக் கோணல் மரமாக்கிவிட்டாள். அழுதுகொண்டு திரிந்த லெஹுவாவுக்கு மற்றத் தெய்வங்கள் இரங்கி, அவளை அதே மரத்தில் பூவாக்கின. பூவை ஆய்ந்தால் இருவரும் பிரிந்துபோவார்கள். அன்றைக்கே மழை பெய்யும். அது அவளுடைய கண்ணீர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பெய்தது உண்மைதான். ஸ்டுட்கார்ட்டில் என்றைக்கு மழை பெய்யாமல் விட்டது என்று எனக்குள்ளேயே சண்டை பிடித்தேன். இருந்தும், பிள்ளைக்காக வைத்த பூவே பிள்ளையைப் பிரித்துவிடுமோ என்று பயந்தேன். போதாததற்கு, ஒரு பாவமும் அறியாத பள்ளிப் பிள்ளைகளின் மேல் பழி வேறு. மத்தியானம் அவரிடம் போய் நான்தான் ஆய்ந்தேன் என்றேன். மகளையும் அம்மனையும் என் அரைகுறை ஜெர்மனில் விளங்கப்படுத்தினேன்.

"அது விரிந்ததை நான் பார்க்கவேயில்லை," என்றார். "ஒரு படமாவது எடுத்தீர்களா?"

எடுக்கவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்று மகளுக்குப் போன் எடுத்தேன். பூக் கதையைச் சொல்லி அழுதேன்.

"அம்மா, அழாதேங்கோ. கட்டியைப் போன புதன்கிழமையே எடுத்தாச்சு. கூடாத கட்டி இல்லை, கான்சர் இல்லை எண்டு இண்டைக்குச் சொல்லிப்போட்டினம்."

"புதன்கிழமையோ? ஆர் பக்கத்தில இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா முதல் உங்களைத் தேற்றவேணும். எனக்கு அதுக்கு ஏலாமல் கிடந்தது அம்மா."

பஸ் வந்து போய்விட்டது. கூடாத கட்டி இல்லை என்ற சந்தோஷம் பெரிய சந்தோஷம்தான். ஆனால் அவள் மயக்கம் தெளிந்து தனியாகக் கிடந்த நேரத்தில்கூட, நான் எடுத்த போனுக்குக் குரலைச் சரிப்படுத்திக்கொண்டு பேசியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இப்போது நோகுதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால், எனக்காக, இல்லை என்றுதான் சொல்வாள்.