லாரிக்குப் பிடித்த களிம்பு

என் அப்பாவிடம் ஒரு பழைய லாரி இருந்தது. லாரியிடம் அப்பா இருந்தார் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிப் பாசார் சந்தையில் இறக்குவதற்குள் அது வழியெல்லாம் தண்ணீர் கேட்கும். அப்பாவும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார். நாங்கள் யாராவது அப்படி நச்சரித்திருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

அந்த வருஷம் என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் ஒரே தங்கைக்கு, நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அங்கே இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயிலில் தனியாக அனுப்ப மாட்டேன், லாரியில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். லாரிதான் தயாராகிற வழியாக இல்லை.

"தண்ணிக் குழாயெல்லாம் களிம்பு பிடிச்சுக் கெடக்குலா. அவ்ளோ தூரம் போனா கொதிச்சு நின்னுடும்," என்பார்.

எனக்குத் தெரிந்த களிம்பு, முழங்கால் சிராய்ப்புக்கு அம்மா தடவும் மருந்து ஒன்றுதான். பாவம், லாரிக்கும் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா அசந்து தூங்கியபோது அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியின் முன்மூடியைத் தூக்கினாள். ரப்பர் குழாயைப் பிடுங்கியதும் பழைய தண்ணீர் காலெல்லாம் கொட்டியது. குழாயை எஞ்சினோடு சேர்க்கிற பித்தளை மூட்டு பச்சைப்பசேலென்று பூத்துக் கிடந்தது.

"பாப்பா, ஓடிப்போய்ப் புளி எடுத்தா!"

குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? புளியும் உப்பும் போட்டு அத்தை தேய்த்த தேய்ப்பில் மூட்டு தகதகவென்று மின்னியது. குழாயை மாட்டித் தண்ணீர் ஊற்றினோம். மின்னிய இடத்திலிருந்தே பீச்சியடித்தது. அரித்துப்போன ஓட்டையை இத்தனை நாளும் அடைத்து வைத்திருந்ததே அந்தக் களிம்புதான்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார்.

"கெடுத்துட்டேண்ணே," என்றாள் அத்தை.

"புண்ணு ஆறுறதுக்கு முன்னாடியே மருந்தைத் தேய்ச்சு எடுத்துட்டாங்கப்பா!" என்று நானும் என் பங்குக்குப் புகார் வைத்தேன்.

அப்பா புளி அப்பிய அத்தையின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், புத்தம்புதுப் பித்தளை மூட்டும் ரப்பர் குழாயும்.

"போ, கையக் கழுவிட்டுப் பொட்டியக் கட்டு," என்றார்.

மறுநாள் லாரியை ஃபெரியில் ஏற்றிக் கடலைத் தாண்டினோம். போய்ச் சேரும்வரை அது ஒரு வாய்த் தண்ணீர் கேட்கவில்லை. வழியெல்லாம் அத்தை பேசிக்கொண்டே வந்தாள். அப்பா சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

திரும்பி வந்ததும் தெருப்பிள்ளைகளிடம் நான் அளந்த பெருமைக்கு அளவில்லை. லாரியில் எது ஓட்டையானாலும் அந்த நிமிஷமே அதற்கு வேண்டிய சாமான் எங்கப்பாவிடம் இருக்கும் என்றேன். அது எத்தனை நாளாக அவரிடம் இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தங்கையை அனுப்ப மனம் வராத ஓர் அண்ணனை அடையாளம் கண்டுகொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை.