எட்டுத் தடியும் ஒரு மரமும்

கிளுவைத் தடியைச் சரித்து வெட்டியதும் எழுகிற வாசனை, பச்சை மாங்காயையும் கற்பூரத்தையும் ஒரே கடதாசியில் சுற்றி வைத்ததுபோல இருக்கும். கையில் பட்ட பால் காய்ந்து பிசினாகி, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இரண்டு நாளைக்குச் சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் போகும். என் பத்தாவது வயது முழுவதும் எனக்கு அந்த வாசனைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியில் கிடைத்த குடியேற்றத் திட்டக் காணிக்கு நாங்கள் வந்தபோது, லொறியில் ஏற்றிய சாமான்களில் அம்மாவின் அலுமாரிக்கு அடுத்தபடியாக இடம் பிடித்தவை கிளுவைக் 'கதியால்' கட்டுகள். கதியால் என்றால் வேரில்லாத தடி. மாரி தொடங்கும்போது மண்ணில் ஊன்றி, வெட்டிய தலையில் ஒரு சாணி உருண்டையை வைத்துவிட்டால், அதுபாட்டுக்கு வேர்விட்டு வேலியில் மரமாக நின்றுவிடும். சுற்றிவரக் காடு கிடக்கிற இடத்துக்குத் தடி ஏற்றிக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்து லொறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "முன்பின் தெரியாத தடியை நம்பி ஆரும் வேலி போடுவினமோ?" என்று அப்பா திருப்பிக் கேட்டாராம்.

வேலிக்கு அந்தப் பக்கம் புஷ்பத்தின் வீடு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த குடும்பம் அது. புஷ்பத்துக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே அளவு வாய். இரண்டு கதியால்களுக்கு நடுவே ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி ஒன்று எங்கள் வேலியில் இருந்தது. அதற்குப் 'பொட்டு' என்று பெயர். வேலி விஷயத்தில் அப்பா ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்காதவர் என்றாலும், அந்தப் பொட்டை மட்டும் கண்டும் காணாமலும் விட்டிருந்தார். காரணம், தோட்டத்து உறவினர்கள் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல தேயிலைத்தூள் அந்தப் பொட்டு வழியாகத்தான் எங்கள் குசினிக்கு வந்தது. அது இல்லாத காலைகளில் அம்மாவோடு கதைக்கவே முடியாது.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது ஒரு கலண்டர். மாங்குளத்தில் உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வாங்கப் போன அப்பா, கடைக்காரர் சும்மா கொடுத்தார் என்று ஜப்பான் படங்கள் போட்ட கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். அதில் ஒரு மாதத்துக்கு, தட்டையான சட்டிக்குள் நிற்கும் முழு மரமொன்றின் படம். ஒரு முழ உயரம்கூட இராது. ஆனால் அடிமரம் மட்டும் யானைக்கால் போலத் திரண்டிருந்தது. நானும் புஷ்பமும் அந்தப் படத்தின் முன்னால் கதிரை போட்டு உட்காராத குறை. உண்மையான மரந்தானா, றப்பரா என்று வாதாடி, கடைசியில் நாங்களே ஒன்றைச் செய்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம்.

அந்த வருடம் கார்த்திகையில் அப்பா வேலியைத் திருத்தியபோது, விரல் மொத்தத்தில் கிளுவை நுனிகள் நிறைய மிஞ்சின. எங்களுக்குத் தேவையானது யானைக்கால். கையில் கிடந்ததோ விரல்கள். எட்டு விரலைச் சேர்த்துக் கட்டினால் கால் ஆகாதா என்று கேட்டவள் புஷ்பமா நானா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு. ஒட்டுகிற பக்கமெல்லாம் பட்டையைக் கொஞ்சம் சுரண்டி, எட்டுத் தடியையும் ஒரு பிடியாகச் சேர்த்து, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலங்கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றினோம். நாலு தடி எங்கள் பக்கத்து வேலியில் எடுத்தவை, நாலு அவர்கள் பக்கத்தவை. அம்மாவின் அடி வெடித்த மண்சட்டி ஒன்றில் வாய்க்கால் மண்ணும் எருவும் போட்டு ஊன்றி, எட்டுத் தலைக்கும் சுண்டங்காய் அளவில் எட்டுச் சாணி உருண்டைகள் வைத்தோம். அப்பா வந்து பார்த்துவிட்டு, "உதென்ன, எட்டுப்பேருக்குத் தலைப்பாகையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சட்டி ஒரு கிழமை எங்கள் முற்றத்தில், மறு கிழமை அவர்கள் முற்றத்தில் என்று ஒப்பந்தம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது பொட்டு வழியாகக் கைமாறும்.

மாரி முழுக்கத் தளிர்த்தது. எங்களுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். ஆனால் பங்குனி வந்தபோது அது மரமாக அல்ல, நிமிர்த்தி வைத்த விளக்குமாறாக நின்றது. நீள நீளமாகக் கிளைகள். அடியோ அப்படியே எட்டுக் குச்சி. நான் அதையும் அழகென்றே நினைத்தேன், தினமும் எண்ணி வைத்த கிளைகள் அல்லவா!

ஒரு ஞாயிறு சட்டியை வாங்கப் பொட்டுக்குப் போனால், புஷ்பம் நீட்டிய சட்டியில் ஒரு கிளையும் இல்லை. எட்டு மொட்டைத் தடிகள். 

"கவ்வாத்து வெட்டிட்டேன் புள்ள," என்றாள், ஏதோ தலை வாரிவிட்டதுபோல.

கவ்வாத்து என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. அதைச் சொல்லவும் நான் விடவில்லை. "நீ கொண்டுபோட்டாய்!" என்று கத்தினேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல், "உங்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும்" என்றும் சொன்னேன். அந்த 'உங்களுக்கு' புஷ்பத்தை மட்டுமல்ல, தோட்டத்திலிருந்து வந்த எல்லோரையும் குறித்த சொல் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. அவள் முகம் சின்னதாகிப் போனது. திரும்பிப் போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நேரே அப்பாவிடம் போய், "அந்தப் பொட்டை அடையுங்கோ அப்பா" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை பொட்டின் நடுவே கைமொத்தக் கதியால் ஒன்றை ஊன்றி, இருபக்கமும் முட்கிளை அலம்பல் வைத்துக் கட்டிவிட்டார். வேலியில் அந்தத் துண்டு நாங்கள் பார்க்கவேண்டிய பங்கு, ஆகையால் அந்தப் பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் புஷ்பம் வேறு வாங்கில் போய் இருந்தாள்.

சித்திரையில் சிறுமாரி பெய்தது. மூன்றாம் நாள் சட்டியைப் பார்த்தால், மொட்டைத் தடிகளின் உச்சியிலும் பக்கத்திலும் கணுவுக்குக் கணு சிவப்பு முளைகள். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று, நாலு. விளக்குமாறு போய், கலண்டரில் இருந்ததுபோலவே அடர்ந்து குட்டையாக ஒரு தலை வரத் தொடங்கியிருந்தது. தேயிலையும் விட்டால் பெரிய மரமாகப் போவதுதான், கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் அதை இடுப்பளவில் நிறுத்துகிறார்கள் என்று அன்றைக்கு அம்மாதான் சொன்னா. புஷ்பத்தின் அம்மா அவவுக்கு எப்போதோ சொன்ன கதை. புஷ்பம் செய்தது கொலையல்ல, அவளுடைய அப்பா கையில் பார்த்துப் பழகிய வேலை. ஓடிப்போய் அவளிடம் காட்ட வேண்டும்போல இருந்தது. பொட்டடிக்கு ஓடினேன். அதே மழையில் அந்தக் கதியாலும் தளிர்த்து நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அது ஏனென்று விளங்கும்: காய்ந்த கதியாலைப் பிடுங்கலாம்; தளிர்த்ததில் கைவைக்க எங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் சம்மதிக்கமாட்டார். அதற்குள் குசினியில் தேயிலையும் முடிந்துவிட்டது. "ஆர் உங்களை உந்தப் பொட்டை அடைக்கச் சொன்னது?" என்று அம்மா பிடித்துக்கொண்டா. அப்பா என் பக்கம் திரும்பாமலே, "அங்காலையிருந்து ஆடு வருகுதெண்டு நான்தான் அடைச்சனான்" என்றார். புஷ்பம் வீட்டில் ஆடே கிடையாது.

அன்று பின்னேரம் வயல் வரம்பில் நின்ற அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 'உங்களுக்கு' என்று சொன்னதையும் விடவில்லை. கேட்டு முடிய, "அது பிழை, பிள்ளை" என்றார் மெதுவாக. பிறகு, "துளிர்த்ததைப் பிடுங்கேலாது" என்றார்.  சொல்லிவிட்டுச் சைக்கிள் ரியூப் துண்டொன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வேலியடிக்கு நடந்தார். பொட்டு நடுவே நின்ற கதியாலை, அடிமண்ணைச் சற்று இளக்கி, பக்கத்துக் கதியாலோடு மெதுவாகச் சாய்த்து, இரண்டிலும் பட்டையைச் சுரண்டி, நாங்கள் சட்டியில் செய்ததுபோலவே சேர்த்துச் சுற்றிக் கட்டினார். பொட்டு முன்னையைவிட அகலமாகத் திறந்தது.

சத்தம் கேட்டு அந்தப் பக்கம் புஷ்பத்தின் அப்பா வந்தார். "ஆடு வாறதெண்டு நினைச்சு அடைச்சுப்போட்டன் தம்பி. என்ர பிழை. குறை நினையாதேங்கோ," என்றார் அப்பா.

"நம்ம வீட்டுல ஏதுங்கண்ணே ஆடு?" என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தகப்பனுக்குப் பின்னால் நின்ற புஷ்பத்தின் முன்னால் நான் சட்டியை நீட்டினேன். 'பிழை விட்டுட்டன்' என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவள் முளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தளுத்திருச்சில்ல?" என்றாள். அந்தக் கிழமை அவளுடைய முறை. சட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் வருடம் ரியூப்பை அவிழ்த்தபோது எட்டுத் தடிக்கு நடுவே நகம்கூட நுழையவில்லை. எது எங்கள் நாலு, எது அவர்கள் நாலு என்று பிரிக்க முடியாதபடி ஒரே அடிமரம். யானைக்கால் என்று சொல்லமாட்டேன், கன்றுக்குட்டிக் கால் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்தச் சட்டி இப்போது இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எதை எடுப்பது எதை விடுவது என்றிருந்த அவசரத்தில் கிணற்றடியில் வைத்தது வைத்தபடி போனோம். கலண்டர் இல்லை, அலுமாரி இல்லை, அப்பாவும் போய்ப் பல வருடமாகிவிட்டது. நாங்கள் திரும்பி வந்து குடியேறிய பிறகு, அவர் எண்ணி நட்ட கிளுவை வேலி நின்ற இடத்தில் சீமெந்துத் தூணும் முட்கம்பியும் நிற்கின்றன. கிளுவை வெட்டும் வாசனையை என் பேரப்பிள்ளைகள் அறியமாட்டார்கள். ஆனால் அப்பா சேர்த்துக் கட்டிய இரண்டு கதியாலும் ஒரே மரமாகி, கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மொத்தத்தில் எல்லையிலேயே நின்றதால், கம்பி இழுக்க வந்தவர்கள் அதை ஒட்டி ஓர் ஆள் போகிற இடைவெளியை விட்டுவிட்டுப் போனார்கள்.

அவளும் திரும்பி வந்துவிட்டதால், அடுத்த வளவில் இப்போதும் புஷ்பந்தான். தேத்தண்ணி குடிக்க வரும்போதெல்லாம் அந்த மரத்தைத் தாண்டும் இடத்தில், "இல்லாத ஆட்டுக்குப் பொட்ட அடைச்ச மனுசன்" என்று என் தகப்பனாரைப் பகிடி பண்ணாமல் அவள் வந்ததில்லை. நாற்பது வருடமாக நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அடைக்கச் சொன்னது நான்தான் என்பதை அப்பா கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கு இங்கே எழுதிவிட்டேன். புஷ்பம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிப்பாள். வாசித்து முடித்த கையோடு என்னை ஏச வருவாள். றோட்டால் சுற்றி வரமாட்டாள்.