வாசல் எந்தப் பக்கம்?

அவருக்குச் சங்கிலி என்று பட்டப்பெயர். நில அளவைத் துறையில் சேர்ந்த நாளில் சங்கிலி பிடித்து அளந்தவர். பிறகு கருவி வந்தது, கணினி வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. கறாரான மனுஷன். மண்டபத்துக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டவர் என்று ஆபீசில் கிண்டல் அடிப்பார்கள். அது பொய்யில்லை.

இரண்டு நாடுகளும் சண்டையை நிறுத்திவிட்டு, எல்லையை அளந்தே முடித்துக்கொள்வது என்று கையெழுத்துப் போட்டபோது இந்தப் பக்கத்துக் குழுவுக்கு அவரைத்தான் அனுப்பினார்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு மீசைக்காரர். ஒருவர் அளந்ததை மற்றவர் திரும்ப அளக்க வேண்டும். இருவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு கல்கூட ஊன்றக் கூடாது. முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரே குடைக்குள் நின்று ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடித்தார்கள். மலையையும் ஆற்றையும் மளமளவென்று தாண்டி வந்தவர்கள் ஒரு தெருவில் மாட்டிக்கொண்டார்கள்.

வரைபடத்தில் கோடு அங்கே நாற்பது வீடுகளுக்கு நடுவே ஓடியது. ஒரு வீட்டில் அடுப்படி இங்கே, படுக்கை அங்கே. பதினோரு நாள் கூட்டம் இழுத்தது. திரும்பவும் துப்பாக்கியைத் தூக்கிவிடுவார்களோ என்று எல்லோரும் பயந்தார்கள். பன்னிரண்டாம் நாள் சங்கிலி வாயைத் திறந்தார். வாசல் எந்த நாட்டைப் பார்க்கிறதோ, வீடு அந்த நாட்டுக்கு. பேச்சை முடிப்போம் என்றார். மேஜைக்கு இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். மீசைக்காரர் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அந்த யோசனைக்குப் பின்னால் யாரிடமும் சொல்லாத ஒரு காரணம் இருந்தது. பதினேழாம் எண் வீடு அவருடைய அக்கா வீடு. அம்மா போன பிறகு அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அந்த வீட்டு வாசல் இந்தப் பக்கம்தான் பார்த்தது. விதியும் எல்லோருக்கும் பொது, அக்காவும் கையை விட்டுப் போக மாட்டார்.

ஆனால் சண்டையால் ஒன்பது வருஷமாக அந்தத் தெருவுக்குள் வெளியாளை விட்டதில்லை. மாமா இறந்தபோதுகூட இவரை விடவில்லை. போனில் எவ்வளவோ பேசினார்கள். வாசலைப் பற்றி யார் போனில் பேசுவார்கள்?

மறுநாள் வீடு வீடாகக் குறித்துக்கொண்டே போனார்கள். பதினாறாம் எண்ணில் ஒரு தையல்காரர். சன்னலை இடித்து வாசலாக்கிக்கொள்ள இரண்டே நாள் கேட்டார். நேற்றுவரை இருந்த வாசல்தான் செல்லும் என்று சங்கிலி சொல்லிவிட்டார். தையல்காரர் மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அங்கிருந்து பத்து எட்டு வைத்தால் அக்கா வீடு.

வாசல் இருந்த இடத்தில் செங்கல் சுவர் இருந்தது. சண்டைக் காலத்தில் குண்டு இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. மாமா வாசலை அடைத்துவிட்டு, பின்சுவரை உடைத்து அந்தப் பக்கம் கதவு வைத்திருந்தார்.

அக்கா சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். என்னடா இப்படி இளைச்சுட்டே என்று கன்னத்தைத் தொட்டார். விஷயம் புரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் கிடையாது. சொந்தம் என்று மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருவன்.

மீசைக்காரர் சங்கிலியைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். ஒரு கொத்தனாரைப் பிடியுங்கள் அண்ணே, நான் டீ குடிக்கப் போகிறேன், சாயங்காலம் வரை இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்றார்.

"செங்கல்தானேடா," என்றார் அக்கா. "கொத்தனார் எதுக்கு? நானே கையால பிரிச்சு எடுத்துடறேன்."

பக்கத்து வீட்டிலிருந்து தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சுவரை இடித்தால் மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் கடப்பாரையை எடுப்பார்கள். அப்புறம் கூட்டம். அப்புறம் துப்பாக்கி.

"முடியாதுக்கா."

"யார்கிட்ட சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

அவர் குனிந்து பதிவேட்டில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பிறகுதான், என்னோடு வந்துவிடு, என் வீட்டில் இரு என்று கெஞ்சினார்.

"குண்டு விழுந்தப்பவே நான் இந்த வீட்டை விட்டுப் போகல. நீ எழுதினதுக்கா போவேன்?"

அக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோடு நிலைத்து நின்றது. எட்டு வருஷமாக ஒரு குண்டு வெடிக்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. சங்கிலிக்குப் பதக்கம் கொடுத்தார்கள், ஓய்வும் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். உறவினரைப் பார்க்க என்றால், அந்த உறவினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மாதம் தவறாமல் ஒரு படிவம் அனுப்புகிறார். மாதம் தவறாமல் கையெழுத்தில்லாமல் திரும்பி வருகிறது. கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை. சுற்றுலா என்று எழுதிவிட்டால் யார் கையெழுத்தும் தேவையில்லை, இன்றைக்கே போய் வந்துவிடலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வேடிக்கை பார்க்கவாம்மா போறேன்? அக்காவைப் பார்க்கப் போறேன்," என்றார்.

இந்த மாதப் படிவமும் போன வாரம் வந்துவிட்டது. கையெழுத்துக் கட்டம் காலி. அவர் எப்போதும் நாலாக மடித்துத்தான் அனுப்புவார். பிரிக்காமல் அப்படியேதான் திரும்பி வரும். இந்த முறை வந்தது மூன்றாக மடிந்திருந்தது, ஓரத்தோடு ஓரம் ஒட்ட, நகத்தால் நீவியது போல. அக்கா பிரித்திருக்கிறார். படித்திருக்கிறார். சங்கிலி அதை அதே மடிப்பில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுப் படிவம் வாங்க வரிசையில் போய் நின்றார்.