வாசிக்காமல் விட்ட நான்காம் பந்தி

என் நண்பரின் மகள் போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை என் லண்டன் வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல் படிக்கிறாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தவள், கைகளைத் தேய்த்துக்கொண்டே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“அங்கிள், எனக்கு ஒரு லோங் எஸ்ஸே இருக்கு. ஒரு யூரோப்பியன் கன்ட்ரியின்ட ஃபொறின் பொலிசி எப்பிடி அதின்ட நேஷனல் இன்ட்ரெஸ்டைக் காட்டுது எண்டு. நான் யூகேயை எடுத்திருக்கிறன். ஊர்ல கடைசிச் சண்டை நடந்த டைம் நீங்கள் இங்கத்தைக் கவர்ன்மென்டுக்கு எழுதின லெட்டர்ஸ், அவை போட்ட பதில், எல்லாம் உங்களிட்ட இருக்கெண்டு அப்பா சொன்னவர்.”

“இருக்கு,” என்றேன்.

“அப்பா சொல்லுறார் யூகே எங்களுக்குத் துரோகம் செய்தது எண்டு. என்ட டியூட்டர் சொல்லுறா, அதில துரோகம் எண்டு ஒண்டும் இல்லை, இன்ட்ரெஸ்ட் மட்டும்தானாம். கொஞ்சம் ஹார்ஷ், என்ன?”

“டியூட்டர் சொல்லுறது சரி, பிள்ளை.”

தேடி எடுத்து வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வா என்று அனுப்பினேன். தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஃபைல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். அதற்குள் இருக்கும் ஒரு கடிதத்தை அவள் படிப்பதற்கு முன் அவளுடைய தகப்பன் என் வாயால் கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஒரு வாரம் வாங்கிக்கொண்டேன்.

ஊரை விட்டு வருவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தவன் நான். சுதந்திரம் கொடுத்த பிறகும் திருகோணமலைத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பிரித்தானியா ஏன் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது என்று ஒவ்வொரு வருடமும் கேள்வி கொடுப்பேன். ‘இரு நாடுகளின் நீண்டகால நட்பின் காரணமாக’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டி, ‘யாருடைய நலன்? எந்தக் கடற்பாதை?’ என்று ஓரத்தில் எழுதுவேன். ஒரு மாணவி எழுந்து, “மாஸ்டர், உங்கட உலகத்தில நல்ல ஆக்களே இல்லையோ?” என்று கேட்டாள். “நல்ல ஆக்கள் இருக்கினம். நல்ல நாடுகள்தான் இல்லை,” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

லண்டனில் உள்ளூராட்சிக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அலுவலக ஆங்கிலம் கைவந்ததால் எங்கள் சனத்தின் கடிதங்கள் எல்லாம் என்னிடம் வரும். ஊரில் நடந்த யுத்தத்தின் கடைசி மாதங்களில், கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற பகுதியில் கடைகளுக்கு மேலே இருந்த ஒரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூடினோம். இளையவர்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் மழையில் நின்றுவிட்டு நனைந்த உடுப்போடு வருவார்கள். கடிதம் எழுதிப் பயனில்லை என்பது அவர்கள் வாதம். “மாஸ்டர் முத்திரை ஒட்டிக் கப்பல் கூப்பிடுறார்,” என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். நான் விடவில்லை. கடற்கரையில் அடைபட்டிருக்கும் சனத்தை ஏற்ற ஒரு கப்பல் அனுப்புங்கள் என்று பிரித்தானிய வெளியுறவு அமைச்சுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதினேன்.

நண்பர் பழக்கமானது அந்த மண்டபத்தில்தான். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தவர். அப்போது ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். இன்று அது அவருடைய கடை. “ஜெர்மன் எண்டா வக்கீல் கடிதமும் வாசிப்பன் மாஸ்டர். இந்த இங்கிலீஷ் சிரிச்சுக்கொண்டே கதவைச் சாத்துற இங்கிலீஷ். இது உங்களுக்குத்தான் சரி,” என்பார். அவருடைய அக்காவும் அத்தானும் அந்தக் கடற்கரையில் இருந்தார்கள். சற்றலைட் போனில் முறை கிடைக்கும்போது அக்கா அவருக்கு எடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அமைச்சின் பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். முதற் பந்தியில் அமைச்சு நிலைமை குறித்து மிகவும் கவலைப்பட்டிருந்தது. கைதட்டினார்கள். பொதுமக்களைக் காக்கும்படி இரு தரப்பையும் கேட்டிருப்பதாக இரண்டாவதில் இருந்தது. அதற்கும் கைதட்டினார்கள். எங்கள் வேண்டுகோள் மேலிடத்தின் கவனத்துக்குப் போயிருக்கிறது என்றது மூன்றாவது. அப்போது யாரோ வாய்விட்டு அழுதார்கள். நிம்மதியில் அழுத அழுகை அது.

என் கண் நான்காம் பந்தியை முடித்துவிட்டிருந்தது. அந்த நாட்டின் இறைமையை மதிக்கிறார்களாம். அதனோடு உள்ள வர்த்தகமும், அந்தப் பக்கத்துக் கடற்பாதைகளைக் காப்பதில் உள்ள ஒத்துழைப்பும் தங்களுக்கு முக்கியமாம். ஆதலால் சனத்தை ஏற்றக் கப்பல் எதையும் அனுப்பும் எண்ணம் இல்லை. கேட்டதற்கு நேரான பதில். என் மாணவர் ஒருவர் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன்.

கடிதத்தை மடித்தேன்.

“அப்ப கப்பல், மாஸ்டர்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“அதுக்குரிய அலுவல் நடக்குது,” என்றேன்.

நண்பர் படிக்கட்டில் எனக்காக நின்றார். “மாஸ்டர், அக்கா வியாழக்கிழமை எடுத்தவ. பக்கத்துப் பங்கர்ச் சனம் நீரேரிக்குள்ளால நடந்து ஆமியின்ட பக்கம் போகுதாம். அத்தான் வெளிக்கிடுவம் எண்டு நிக்கிறாராம். அவவுக்குப் பயம். திரும்ப எடுக்கேக்க நான் என்ன சொல்ல?”

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்.”

“கப்பல் வருமோ?”

“வரும்.”

என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அக்கா இன்னும் ஒருமுறை எடுத்தார். இவர் பொறுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவர்கள் இருவரையும் கண்டதாகச் சொல்லும் ஒருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை.

சனத்தின் மனம் உடைந்துவிடக்கூடாதென்றுதான் அப்படிச் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான்காம் பந்தியை வாசித்தால் அந்த இளையவர்கள் சொன்னது சரியாகிவிடும். முத்திரை ஒட்டிய நான் முட்டாளாகிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கைதட்டு எனக்கு வேண்டியிருந்தது. பிரித்தானியா தன் நலனைப் பார்த்தது. அதை எழுத்தில் எனக்கு அறிவித்தும் இருந்தது. நானும் என் நலனைப் பார்த்தேன். ஒருவருக்கும் அறிவிக்கவில்லை.

அதன் பிறகு நானும் நண்பரும் இன்னும் நெருக்கமானோம். வெள்ளிக்கிழமைகளில் ஒரே ரயிலில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்வருவோம். பக்கத்து இருக்கையில் யாராவது விட்டுப்போன பேப்பரில் வேறெங்கோ நடக்கும் சண்டையின் படம் இருந்தால், “பாத்தீங்களே, அங்க எண்ணெய் இருக்கு, ஓடுறாங்கள். எங்களிட்ட என்ன, பனங்காய்தானே,” என்பார். நான் தலையாட்டுவேன். அவர் அப்படி ஏசும் ஒவ்வொரு முறையும் நான் தப்பித்தேன்.

பிள்ளை வந்துபோன பிறகு, செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கடிதத்தோடு நண்பரின் கடைக்குப் போனேன். அவர் கறிவேப்பிலைப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை கேட்ட ஃபைல் பற்றிச் சொல்லி, முதலில் நீர் ஒன்றைக் கேட்கவேண்டும் என்றேன். நின்றபடியே நான்காம் பந்தியைத் தமிழில் சொன்னேன்.

“திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னேன்.

“இது அண்டைக்கே இதில இருந்ததோ?”

“ஓம்.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“ஓம். கண்டுதான் மடிச்சனான்.”

ஒரு பெண் உள்ளே வந்து, “அண்ணை, முருங்கைக்காய் புதுசோ?” என்று கேட்டார். “ஓம் அக்கா, இப்பத்தான் வந்தது,” என்று நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெண் வெளியே போகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெளிக்கிட்டிருந்தால் தப்பியிருப்பினமோ?”

“தெரியாது. வெளிக்கிட்ட சனத்திலயும் செத்தவை இருக்கினம். தப்பினவையும் இருக்கினம்.”

“அத்தான் வெளிக்கிடத்தான் நிண்டவர். நான்தான் மறிச்சனான்.”

“நீர் இல்லை. நான்.”

“இவ்வளவு காலமும் ஒரு நாட்டைத் திட்டிக்கொண்டு திரிஞ்சன். நாட்டைத் திட்டுறது லேசு மாஸ்டர், அதுக்கு முகம் இல்லை. வெள்ளிக்கு வெள்ளி எனக்குப் பக்கத்தில இருந்து கோயிலுக்கு வாற ஆளை நான் என்னண்டு திட்டுறது?”

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அண்டைக்கு மண்டபத்தில நான் மட்டுமே நிண்டனான்? எத்தினை பேர் போனில பொறுங்கோ எண்டு சொன்னவையோ. அவைக்கும் போய்ச் சொல்லுங்கோ. எனக்கு மட்டும் சொல்லிப்போட்டு நிம்மதியா இருக்கலாம் எண்டு நினையாதேங்கோ.”

“பிள்ளைக்கு?”

“குடுங்கோ. ஒண்டையும் எடுக்காமக் குடுங்கோ.”

சனிக்கிழமை அவள் வந்து ஒவ்வொரு கடிதமாகப் போனில் படம் பிடித்தாள். அந்தக் கடிதத்தில் நின்றாள். “அங்கிள், இது சரியான கிளியரா இருக்கே. அப்ப ஏன் எல்லாரும் வெயிட் பண்ணினவை?” தகப்பன் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

“அப்பாவின்ட அக்கா, மாமியும் இதாலதானோ?”

“ஓம்.”

மிச்சக் கடிதங்களை அவள் படம் பிடிக்கவில்லை. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு கதவுவரை போய், அங்கே இருந்து மாட்டிக்கொண்டு போனாள். கட்டுரையை எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. நண்பர் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை ரயிலில் வேறு பெட்டியில் ஏறுகிறார்.

மண்டபம் இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம். அன்று வந்தவர்களில் நினைவில் உள்ளவர்களை ஒரு தாளில் எழுதி, விலாசம் விசாரிக்கத் தொடங்கினேன். சிலர் இறந்துவிட்டார்கள். சிலர் கனடா போய்விட்டார்கள். முதலில் கிடைத்த வீடு சவுத்தாலில் இருந்தது. தம்பியை அந்தக் கடற்கரையில் இழந்த ஒரு பெண்ணின் வீடு. போன ஞாயிறு போனேன்.

“ஆரது... மாஸ்டரே! எத்தினை வருசம். என்ன வாசல்ல நிக்கிறியள், வாங்கோ உள்ள, குளிருது.”

“ஒரு விஷயம் சொல்ல வந்தனான்.”

“சொல்லலாம், சொல்லலாம். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொல்லுங்கோ.”

குசினிக்குள் போய்க் கேத்தலைப் போட்டார். முன்னறையில், சுவரில் தம்பியின் படத்துக்குச் சின்னதாய் ஒரு மின்விளக்கு எரிந்தது. அந்த நேரம் கடற்கரையிலிருந்து இவருக்கு யார் போன் எடுத்தார்கள், இவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கோட்டைக் கழற்றாமல் கதிரை ஓரத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து, “சீனி போடலாமோ மாஸ்டர்?” என்று கேட்டார்.

“தங்கச்சி, தேத்தண்ணியை விடுங்கோ,” என்றேன். “முதல்ல இதில வந்து இருங்கோ.”